உள்ளூர் வானொலியில் பேசப் போகிறீர்களா? முதலில் கடைசி வரியை எழுதுங்கள்

வானொலியில் வேலை என்று சொன்னதும் எல்லோரும் குரலைப் பற்றித்தான் கேட்பார்கள். "எனக்கெல்லாம் குரல் சரியா வராதே" என்பார்கள். வரும். குரல் அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. ஒரு சின்ன உள்ளூர் நிலையத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து பேசியதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: மைக்கைத் திறப்பதற்கு முன்னால், எந்த வரியைச் சொல்லி மூடப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பம் எப்படியோ வந்துவிடும், முடிக்கத் தெரியாமல்தான் மாட்டிக்கொள்வோம். "அப்புறம்... வேற என்ன நேயர்களே... ஆமா, அதனாலதான் சொல்றேன்..." என்று ஒருவர் இழுத்துக்கொண்டே போவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவரிடம் விஷயம் இல்லாமல் இல்லை, இறங்குவதற்குப் படி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசும் ஒவ்வொரு துண்டுக்கும், நாங்கள் லிங்க் என்போம், ஒரு சின்னத் தாளில் கடைசி வரியை மட்டும் முழுசாக எழுதி வையுங்கள். நடுவில் வருவதற்கு மூன்று சொல் குறிப்பு போதும். முழுவதையும் எழுதி வைத்துப் படித்தால் படிப்பது மாதிரியே கேட்கும், ஒன்றுமே எழுதாமல் போனால் மேலே சொன்ன கதைதான்.

போய்ச் சேர்ந்ததும்

காலை 6 மணி நிகழ்ச்சி என்றால் 5 மணிக்காவது உள்ளே இருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டால், முதலில் சத்தமாகப் பேசுவது. தூங்கி எழுந்த தொண்டை கரகரவென்று இருக்கும், முதல் லிங்க்கில்தான் அது சரியாகட்டும் என்று விட்டால் நேயர் காதில்தான் அந்தக் கரகரப்பு விழும். வழியில் கண்ணில் படும் பெயர்ப்பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவது என் வழக்கம். பக்கத்தில் யாராவது வந்தால் கொஞ்சம் சங்கடம்தான்.

அடுத்து, முந்தின ஷிஃப்டில் இருந்தவர் எழுதி வைத்த லாக். எந்த விளம்பரம் ஓடாமல் விட்டுப்போனது, எந்த சிடி பிளேயர் மக்கர் பண்ணுகிறது, எந்த நேயர் ராத்திரி நான்கு தடவை கூப்பிட்டார், எல்லாம் அதில் இருக்கும். பிறகு பிளேலிஸ்ட்டைத் திறந்து முதல் ஒரு மணி நேரப் பாட்டுகளின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கன்சோலில், அதாவது ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் உங்கள் முன்னால் இருக்கும் பலகையில், கியூ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் ஒலிபரப்பில் போகாமல் உங்களுக்கு மட்டும் கேட்கும். பாட்டு சட்டென்று நின்று முடிகிறதா, மெல்ல மெல்லத் தேய்ந்து முடிகிறதா என்று தெரியாமல் இருந்தால், தேய்ந்து முடிகிற பாட்டில் நீங்கள் காத்துக்கொண்டு இருப்பீர்கள், சட்டென்று முடிகிற பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தை நம்ப வேண்டாம், கணினியில் இணையத்தோடு ஒத்துப்போகும் நேரம் இருக்கும், அதுதான் கணக்கு. வானொலிக்கு நேரப் பைத்தியம் பழைய வியாதி. பிபிசி 1924 பிப்ரவரி 5-ஆம் தேதியிலிருந்தே மணி அடிக்கும் நேரத்தில் ஆறு 'பீப்' ஒலிகளை ஒலிபரப்பி வருகிறது. ஆறாவது பீப் தொடங்கும் நொடிதான் சரியான மணி. அவ்வளவு கறாராக உங்கள் நிலையம் இருக்காது, ஆனால் செய்தி வேறு இடத்திலிருந்து நேரலையாக வருகிறது என்றால் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

மைக்கும் காதும்

வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நான்கு விரல் அகலம் முதல் ஒரு சாண் வரை இருக்கலாம், அது மைக்கைப் பொறுத்தது. நெருங்க நெருங்கக் குரலின் அடிப்பகுதி கனமாகும், பெரும்பாலான ஸ்டூடியோ மைக்குகளின் குணம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கனம் போதை மாதிரி, மைக்கை முத்தமிடாத குறையாக ஒட்டிக்கொண்டு பேசுவார்கள். கேட்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்இ20 மாதிரி சில மைக்குகளை நெருங்கினாலும் கனம் ஏறாதபடியே வடிவமைத்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது எது என்று ஒருநாள் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிடுங்கள், பிறகு அந்த இடைவெளியை மாற்றாதீர்கள்.

மைக்கை நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "பாப்பா", "பம்பரம்" என்று சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதாமல் பக்கவாட்டில் போய்விடும். ஸ, ஷ ஒலிகளுக்கும் இது உதவும். எஃப்எம்மில் ஒலிபரப்பாகும்போது மேல்சுருதி ஒலிகளை வேண்டுமென்றே உயர்த்தி அனுப்பி, கேட்கும் கருவியில் திரும்பத் தாழ்த்துகிறார்கள், இரைச்சலைக் குறைக்க அப்படி ஒரு ஏற்பாடு. அதனால் ஸ்டூடியோவில் லேசாகச் சீறும் "ஸ்" வெளியே போகும்போது பாம்பு மாதிரி சீறும்.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒலிபரப்பு வரிசையில் கம்ப்ரஸர் என்று ஒன்று இருக்கும். நீங்கள் சத்தமாகப் பேசினால் அமுக்கும், பேசாமல் இருந்தால் தூக்கிவிடும். ஆக நீங்கள் இடைவெளி விடும்போது உங்கள் மூச்சு, தாள் புரட்டும் சத்தம், நாற்காலி கிரீச், எல்லாம் மேலே வந்துவிடும். தாள்களை ஸ்டேப்ளர் போடாமல் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வையுங்கள், ஒரு வாக்கியம் இந்தத் தாளில் ஆரம்பித்து அடுத்த தாளில் முடிகிற மாதிரி அச்சடிக்காதீர்கள்.

ஹெட்ஃபோனில் ஸ்டூடியோ ஒலியைக் கேளுங்கள், வெளியே போய் ரேடியோவில் திரும்பி வரும் ஒலியைக் கேட்காதீர்கள். டிஜிட்டல் கருவிகளைத் தாண்டி வருவதால் அது தாமதமாக வரும், தன் குரலே கிட்டத்தட்ட 0.2 விநாடி தாமதமாகக் காதில் விழுந்தால் சரளமாகப் பேசுகிறவருக்கும் நாக்கு குழறும். சந்தேகமாக இருந்தால் ஒரு தடவை முயன்று பாருங்கள், சிரிப்பு வரும். நேரலையில் மட்டும் வேண்டாம்.

யாரிடம் பேசுகிறோம்

"அனைத்து நேயர்களுக்கும்" என்று ஆரம்பிப்பது நம் பழக்கம். ஒருநாளைக்கு ஒருமுறை அப்படிச் சொல்லுங்கள், போதும். மீதி நேரமெல்லாம் ஒரே ஓர் ஆளிடம் பேசுங்கள். ரேடியோவை யாரும் கூட்டமாக உட்கார்ந்து கேட்பதில்லை, ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு, ஒருவர் துணி மடித்துக்கொண்டு, தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். 1933 மார்ச் 12-ஆம் தேதி, அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரத்தில், அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் வங்கியில் போட்ட பணத்தை வங்கி என்ன செய்கிறது என்று, வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் விளக்குகிற மாதிரி விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்க ஆரம்பித்தபோது, பணத்தை எடுக்க ஓடியவர்களே திரும்பப் போடுவதற்கு வரிசையில் நின்றார்கள். அந்தப் பேச்சில் மேடைத்தனம் கொஞ்சமும் கிடையாது.

நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் வேறு. நமக்கு வரும் அறிவிப்புகள் எல்லாம் அலுவலகத் தமிழில் வரும். "பராமரிப்புப் பணிகள் காரணமாக நாளை காலை 9.00 மணி முதல் மாலை 5.00 மணி வரை மின்விநியோகம் நிறுத்தப்படும் என அறிவிக்கப்படுகிறது" என்று ஒரு தாள் வருகிறது. இதை அப்படியே படித்தால் நேயர் "நிறுத்தப்படும்" என்ற சொல்லுக்கு வருவதற்குள் நேரத்தை மறந்திருப்பார். கண்ணுக்கு மேலே போய்த் திரும்பப் படிக்க வசதி உண்டு, காதுக்குக் கிடையாது. நான் இப்படி மாற்றுவேன்: "நாளைக்குக் கரண்ட் இருக்காது. காலையில் ஒன்பது மணிக்குப் போனால், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். போனை இன்றைக்கு ராத்திரியே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நாளைக்கு, ஒன்பதிலிருந்து அஞ்சு." செய்தி முதலில், நேரம் அடுத்து, அவர் செய்ய வேண்டியது மூன்றாவது, கடைசியில் திரும்ப ஒருமுறை. கடைசி வரி தயாராக இருப்பதைக் கவனித்தீர்களா? "ஒன்பதிலிருந்து அஞ்சு" என்றதும் பாட்டு.

எண்களைத் தாளில் எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். 2,450 என்று பார்த்ததும் நேரலையில் நாக்கு ஒரு கணம் நிற்கும், "இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது" என்று எழுதியிருந்தால் நிற்காது. ஆளின் பெயர், ஊரின் பெயர் இரண்டிலும் சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுப் படியுங்கள். உள்ளூர் வானொலியில் உலகச் செய்தியைத் தப்பாகச் சொன்னால்கூட மன்னிப்பார்கள், தெருப் பெயரைத் தப்பாகச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் போன் வரும். ல, ழ, ள பற்றி நான் சொல்லவே வேண்டாம், அதற்கு என்றே வாரம் ஒருமுறை கூப்பிடும் நேயர் எல்லா நிலையத்துக்கும் ஒருவர் இருப்பார். அவரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள், நல்லவர்தான்.

பாட்டும் கணக்கும்

பாட்டின் முன்னிசை மேல் பேசுவது பார்க்க எளிதாக இருக்கும். மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே முன்னிசை நேரம் போட்டிருப்பார்கள், 14 என்று இருந்தால் 14 விநாடி கழித்துப் பாடகர் வாயைத் திறப்பார். அதற்கு முன் நீங்கள் மூடிவிட வேண்டும். எனக்கு 10 விநாடிக்குச் சுமார் 18 சொல் வருகிறது, உங்களுக்கு எவ்வளவு என்று ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். கடைசி வரி 4 விநாடி என்று தெரிந்தால், முன்னிசையில் மீதி நேரத்தைக் காட்டும் கவுண்டரில் 4 வரும்போது நடுவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவிவிடலாம். பாடகரின் மேல் ஏறிப் பேசிவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, பாட்டின் ரசிகர்கள் மட்டும் உங்களைத் திட்டுவார்கள்.

மணி அடிக்கும் நேரத்தை நோக்கிப் போவதுதான் உண்மையான கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். செய்தி சரியாக 9:00:00. அதற்கு முன் நிலையத்தின் அடையாள இசை 20 விநாடி. அதற்கு முன் ஒரு பாட்டு, 4 நிமிடம் 12 விநாடி. பாட்டையும் அடையாள இசையையும் கூட்டினால் 4:32. ஒன்பதிலிருந்து கழித்தால் 8:55:28. அந்தப் பாட்டு அந்த நொடியில் ஆரம்பித்தாக வேண்டும். இப்போது ஓடுகிற பாட்டு 8:54:40-க்கு முடியும் என்று திரை சொல்கிறது. ஆக உங்கள் கையில் இருப்பது 48 விநாடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்குத் தகுந்த மாதிரி ஒரு லிங்க் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி அதிகமாகப் பேசிவிட்டீர்கள் என்றால் பாட்டின் முடிவை மெல்லக் குறைத்துச் சமாளிக்கலாம். சீக்கிரம் முடித்துவிட்டீர்கள் என்றால்தான் கஷ்டம். அதற்காக நான் எப்போதும் பாடல் இல்லாத வெறும் இசைத்துண்டு ஒன்றை ஒரு ஃபேடரில், அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் கன்சோல் நகர்த்தியில், தயாராக வைத்திருப்பேன்.

அந்த இசைத்துண்டு வேறு ஒரு நாளும் காப்பாற்றும். ஒருமுறை ஒரு விபத்துச் செய்தியைப் படித்து முடித்தேன், இறந்தவர்களில் எங்கள் நேயர்களுக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். குரலை அடக்கி, நிதானமாக, நன்றாகவே படித்தேன். ஃபேடரை ஏற்றினேன். வந்தது ஒரு குத்துப்பாட்டு. பிளேலிஸ்ட்டுக்கு என்ன தெரியும், அது முந்தின நாளே போட்டு வைத்தது. அதன் பிறகு துக்கச் செய்தி படிப்பதற்கு முன் அடுத்தது என்ன என்று திரையைப் பார்க்காமல் நான் மைக்கைத் தொட்டதில்லை, பொருந்தாத பாட்டு என்றால் அந்த இசைத்துண்டைத்தான் போடுவேன்.

நேயர்கள், தொலைபேசி

நேயரை நேராக ஒலிபரப்பில் சேர்க்காதீர்கள். பாட்டு ஓடும்போது போனை எடுத்து, பெயர், எங்கிருந்து பேசுகிறார், என்ன சொல்லப் போகிறார் என்று இரண்டு வரி பேசிவிட்டு, "ரேடியோவை அணைச்சிடுங்க" என்று சொல்லுங்கள். அணைக்காவிட்டால் அவர் குரல் அவருக்கே திரும்ப வந்து குழம்புவார், இணையத்தில் கேட்கிறார் என்றால் நிறையத் தாமதத்தோடு வரும், இன்னும் மோசம். அதே தாமதத்தால்தான் "முதலில் கூப்பிடுபவருக்குப் பரிசு" என்ற போட்டியில் இணைய நேயர்கள் எப்போதும் தோற்பார்கள். அதை யோசித்துப் போட்டி வையுங்கள்.

வயதான ஒருவர் தினமும் கூப்பிட்டு அதே விஷயத்தைச் சொல்லுவார். தட்டிக் கழிக்காதீர்கள். சில சமயம் அன்றைக்கு அவர் பேசும் ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். பாட்டு ஓடும்போது ஒரு நிமிடம் பேசுங்கள், ஒலிபரப்பில் வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் யாராவது நேரலையில் ஒரு ஆளின் பெயரைச் சொல்லித் திருடன் என்றோ ஏமாற்றுக்காரன் என்றோ ஆரம்பித்தால், மரியாதை பார்க்காமல் ஃபேடரை இறக்குங்கள். சில நிலையங்களில் சில விநாடி தாமதம் வைத்து, பொத்தானை அழுத்தினால் சொன்னது வெளியே போகாதபடி ஏற்பாடு இருக்கும். உங்களிடம் இருந்தால் அந்தப் பொத்தான் எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரல்தான் பொத்தான்.

புயல், வெள்ளம் மாதிரி நாள்களில் வேலை முழுக்க மாறிவிடும். மின்சாரமும் இணையமும் போன பிறகும் பேட்டரி ரேடியோ ஓடும், அப்போது உங்களைத்தான் கேட்பார்கள். முக்கியமான தகவலைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து சொல்லுங்கள், ஏனென்றால் அப்போதுதான் ரேடியோவைப் போட்டவர் இருப்பார். எத்தனை மணிக்கு வந்த தகவல், யார் சொன்னது, இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாலம் உடைந்துவிட்டது என்று நேயர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னால், பொறுப்பில் இருக்கும் ஒருவரைக் கேட்காமல் அதைச் சொல்லாதீர்கள், எவ்வளவு பதறினாலும்.

மைக் திறந்திருக்கிறது என்றே நினையுங்கள்

மைக் திறந்தால் சிவப்பு விளக்கு எரியும், ஸ்டூடியோ ஸ்பீக்கர் தானாக அடங்கும். இவ்வளவு அடையாளம் இருந்தும் மறப்போம். ஒரு மதியம் மைக்கின் ஃபேடரை இறக்குவதாக நினைத்துப் பக்கத்தில் இருந்ததை இறக்கிவிட்டேன். பாட்டு ஓடுகிறது. நான் கதவோரம் நின்ற சக ஊழியரிடம், "இந்தப் பாட்டையே எத்தனை தடவைதான் போடுறது, எனக்கே சலிச்சுப்போச்சு" என்றேன். அது தெளிவாக வெளியே போயிற்று. அடுத்த நிமிடம் போன். நிலைய மேலாளர் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு எடுத்தால், ஒரு நேயர். "நானும் அதையேதான் நினைச்சேன், தைரியமா சொன்னீங்க" என்றார். எல்லா நாளும் இப்படித் தப்ப முடியாது. ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்கு முன் சிவப்பு விளக்கைப் பார்ப்பது என்று கைக்குப் பழக்கிவிடுங்கள்.

எதிர்பாராமல் ஒலி நின்றுபோனால், டெட் ஏர் என்பது அதைத்தான், முதலில் மைக்கைத் திறந்து ஏதாவது பேசுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். பல நிலையங்களில் குறிப்பிட்ட விநாடி மௌனமாக இருந்தால் தானாகவே மாற்று நிகழ்ச்சி ஓடும் கருவி இருக்கிறது. அது ஓட ஆரம்பித்தால் மேலாளருக்குக் குறுஞ்செய்தி போகும், அதனால் அது ஓடும் நிலைக்கு விடாதீர்கள் என்பது என் சொந்த அனுபவம். மன்னிப்பு ஒருமுறை கேளுங்கள், சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீளமாக விளக்கினால் கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள்.

மைக்குக்கு வெளியே

மூன்று மணி நேரம் பேசுகிறவர் மீதி நேரம் என்ன செய்கிறார் என்றால், எல்லாம் செய்கிறார். விளம்பரம் எழுதி, தானே குரல் கொடுத்து, தானே வெட்டி ஒட்டுவார். ஒலிபரப்பான பாட்டுகளின் பட்டியலைச் சரிபார்ப்பார், இசையமைத்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் உரிமத்தொகை போவது அந்தப் பட்டியலை வைத்துத்தான், அதனால் திடீரென்று பாட்டை மாற்றினால் லாக்கிலும் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை வெள்ளிக்கிழமையே பதிவு செய்து வைப்பார். அப்படிப் பதியும்போது மழை, வெயில், மணி எதையும் சொல்லாதீர்கள். "வெளியே சூரியன் பளபளன்னு இருக்கு" என்று நான் சொல்லி வைத்த ஞாயிறு முழுக்க மழை கொட்டியது.

தொண்டைக்கு அறை வெப்பத் தண்ணீர், நிகழ்ச்சிக்கு முன் ராத்திரி நேரத்தில் தூக்கம், கத்தாமல் இருப்பது. தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பார்கள், அது தொண்டையை இன்னும் சிரமப்படுத்தும், பேசாமலே இருங்கள். காதையும் பாருங்கள். ஹெட்ஃபோன் சத்தம் நாள் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும், நமக்கே தெரியாது. சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் 8 மணி நேரம் என்றாலே காதுக்கு ஆபத்து என்பது பல நாடுகளில் பணியிட வரம்பு, ஹெட்ஃபோனில் அதைத் தாண்டுவது மிக எளிது.

ஷிஃப்ட் முடிந்ததும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள், உங்கள் தாள்களை எடுங்கள், லாக்கில் நடந்ததை எழுதுங்கள், நாற்காலியின் உயரத்தை அப்படியே விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. ஆனால் ஹெட்ஃபோன் வால்யூமை மட்டும் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு எழுந்திருங்கள். நான் முதல் வாரம் அதைச் செய்யவில்லை. எனக்கு அடுத்த ஷிஃப்டில் வந்த அக்கா அதை எடுத்துக் காதில் மாட்டினார், நான் உச்சத்தில் வைத்திருந்த சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அதுவும் மைக் மூடியிருந்த நேரத்தில் மட்டும்.